செதிலப்பனும் செவ்வெறும்பு விசாரணைக் குழுவும்

ஒரு காட்டில், வெட்டுக்கிளிகளோடு நடந்த பெரும்போர் முடிந்து நாலாம் வருஷம், வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துவிட்டது. ரேடியோவோடு ஒரு பயமும் வந்து சேர்ந்தது. செவ்வெறும்புகள் காட்டைப் பிடிக்கப்போகின்றன என்று காலைச் செய்தியிலும் சொன்னார்கள், மாலைச் செய்தியிலும் சொன்னார்கள். போரில் அதே எறும்புகள் நம் பக்கம் நின்று சண்டை போட்டவைதான். ஆனால் அவை கிடைத்ததையெல்லாம் பொதுவில் போட்டுப் பங்குவைத்துத் தின்கின்றனவாம். அந்தப் பழக்கம் மற்ற பிராணிகளுக்கும் தொற்றினால் சிங்கத்தின் குகையில் தொங்கும் மான்தொடையின் கதி என்ன?

அன்றிலிருந்து சிவப்பே ஆகாது என்றானது. சேவல் கொண்டைக்குக் கரி பூசிக்கொண்டது. குரங்குகள் பொது இடங்களில் எழுந்து நிற்பதையே விட்டுவிட்டன.

இந்தக் காட்டில் செதிலப்பன் என்று ஓர் எறும்புத்தின்னி இருந்தார். சர்க்கார் உத்தியோகம், புற்று ஒழிப்புத் துறையில் பதினோரு வருஷ சர்வீஸ். ஒருநாள் ஊழியர்கள் எல்லோருக்கும் மூன்று பிரதிகளில் ஒரு படிவம் வந்தது. 'நான் எறும்பு அல்ல, எப்போதும் எறும்பாக இருந்ததில்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த கேள்வி, 'எறும்புகளோடு தொடர்பு உண்டா?' செதிலப்பன் பொய் சொல்லத் தெரியாதவர். 'உண்டு. தினமும் இரண்டு வேளை' என்று எழுதினார்.

மறுநாளே வேலை போயிற்று. விசாரணை முடியும்வரை எந்தப் புற்றுக்கும் நூறடி தூரத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவும் வந்தது. எறும்பைத் தவிர வேறெதுவும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்துக் குகை மூக்காயிக் கரடி இரக்கப்பட்டு இலந்தைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அவருக்குப் பல்லே கிடையாது.

"தொடர்பு இல்லைன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே அண்ணே," என்றாள்.

"தின்னதைத் தின்னலைன்னு எப்படிம்மா எழுதுறது?"

மூக்காயி குரலைத் தாழ்த்தினாள். "நானும்தான் புற்றைக் கிண்டித் தின்னவ. 'தேன் மட்டும்'னு எழுதிட்டேன்."

ஆறாம் நாள் விசாரணை. குழுத் தலைவர் கோரையன் என்கிற காட்டுப்பன்றி. முன்னால் மைக் இருந்ததால் காடே கேட்டுக்கொண்டிருந்தது. கோரையன் ஒரு தேக்கிலையைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பட்டியலில் அறுபத்திரண்டு துரோகிகள் இருக்கிறார்கள்," என்றார். இலையில் எழுத்து எதுவும் இல்லை, ஓட்டைகள்தான் இருந்தன. ஒரு புழு அதை இன்னும் தின்றுகொண்டிருந்ததால் மத்தியானத்துக்குள் எண்ணிக்கை எண்பத்தெட்டாகிவிட்டது.

"உங்களுக்கு எத்தனை எறும்புகளைத் தெரியும்?" என்று கேட்டார்.

"லட்சக்கணக்கில், ஐயா."

"அவர்கள் இப்போது எங்கே?"

செதிலப்பன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் கோரையன். "உள்ளுக்குள் ஊடுருவல்."

மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடியில் நாற்பது செவ்வெறும்புகளைச் சாட்சியமாக வைத்திருந்தார்கள். செதிலப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றார். நாக்கு கேட்கவில்லை. அது போய்விட்டுத் திரும்பியபோது ஜாடி காலி.

"சாட்சியத்தையும் அழித்துவிட்டீர்கள். இனி ஒரே வழிதான். புற்றுப் பக்கம் வேறு யாரைப் பார்த்தீர்கள்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், வேலை திரும்பக் கிடைக்கும்."

முன்வரிசையில் மூக்காயி தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செதிலப்பனுக்கு நாற்பது எறும்பு பசியைக் கிளப்பிவிட்டதே தவிர அடக்கவில்லை. அவள் பெயர் நாக்கின் நுனியை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அவர் நாக்கின் நுனி வெகுதூரம் என்பதால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

"ஒருத்தரைப் பார்த்தேன், ஐயா. போன வாரம், ஆற்றங்கரைப் புற்றுல முதுகைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். ரொம்ப நேரம். கண்ணை மூடிக்கிட்டு."

"யார் அது?"

"நீங்கதான்."

காடு முழுக்கக் கேட்டுவிட்டது. பெயர் வந்தால் விசாரணை உண்டு என்பது கோரையனே எழுதிய விதி. எனவே அவர் நாற்காலியில் இருந்தபடி தன்னையே, "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சாட்சிக் கூண்டுக்கு ஓடி, "முதுகு அரித்தது," என்றார். திரும்ப நாற்காலிக்கு ஓடிவந்து, "அரிக்கச் சொன்னது யார்?" என்றார். கூண்டுக்கு ஓடி, "பதில் சொல்ல விருப்பமில்லை," என்றார். மூச்சு வாங்க நாற்காலிக்கு வந்து, விசாரணைக்கு ஒத்துழைக்காத குற்றத்துக்காகத் தன்னைத்தானே பதவிநீக்கம் செய்தார்.

எறும்பு விஷயத்தில் அனுபவசாலி என்று செதிலப்பனையே தலைவராக்கினார்கள். அவர் குழுவைக் கலைத்துவிடுவார் என்று மூக்காயி எதிர்பார்த்தாள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் முதல்நாள் காலையிலேயே ஒன்பது ஜாடி சாட்சியம் மேஜைக்கு வந்தது. மத்தியானம் இன்னும் ஆறு. தோண்ட வேண்டாம், அலைய வேண்டாம். சாயங்காலம் அவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, நிலைமை நாம் நினைத்ததைவிட மோசம் என்று மைக்கில் அறிவித்தார்.

மாதம் முடிவதற்குள் எறும்புகள் அருகிப்போயின. செதிலப்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒரே புற்றைச் சுற்றி வேலி போட்டு, மூக்காயியைக் காவலுக்கு வைத்து, தினம் ஒரு படி சர்க்கரை போடச் சொன்னார். கோப்பில் 'தீவிரக் கண்காணிப்பு' என்று எழுதினார்.

"ஆபத்தானதுங்கன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு அண்ணே சர்க்கரை?" என்று கேட்டாள் மூக்காயி.

"ஆபத்து இளைச்சுப்போயிடக் கூடாதும்மா," என்றார் செதிலப்பன்.

நீதி: எதிரியை முழுசாகத் தின்று தீர்த்துவிடாதீர்கள், நாளைக்கும் நாடு பயப்பட வேண்டும், நமக்கும் பசிக்கும்.