பச்சரிசிப் பாறையில் கொடுத்த பிரசாதம்

"வழி சரியில்லை." இந்த ஒரு சொல்லை வைத்தே எங்க வீட்டுக்காரர் எனக்கு மகாலிங்கமலையைக் காட்டாமல் காலத்தை ஓட்டினார்.

மூத்தவனுக்கு மலையில் முதல்முடி இறக்குவதாக நேர்ந்திருந்தேன். "சித்திரை வெயிலுல கைப்பிள்ளையத் தூக்கிட்டுப் போவியாட்டி? மழை பெய்யட்டும்" என்றார். ஆனால் அதே சித்திரை அமாவாசைக்கு எங்களை விட்டுவிட்டு மில்லுக் கூட்டாளிகளோடு போனார். முகம் மினுங்கத் திரும்பி வந்தார்.

"ஓடையில முங்கிக் குளிச்சேன். ஐஸ் மாதிரித் தண்ணி! முடி இறக்கப் பொறவு வாரோம்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன். இந்தா, பச்சரிசிப் பாறையில குடுத்த பிரசாதம்."

துண்டு முனையில் பச்சரிசி. கஞ்சி வைத்து மூத்தவனுக்கு ஊட்டினேன். மிச்சத்தை வேப்பிலை போட்டு முடிந்து வைத்தேன். மழை பெய்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. முடி இறக்காத தலையோடுதான் அவனைப் புதைக்கக் கொண்டுபோனார்கள்.

இப்போது சின்னவள். அவளுக்கும் நேர்ந்திருக்கிறேன். திரும்பவும் சித்திரை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மாடத்தியக்கா வருசந்தோறும் மலையேறுகிறவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. குழாயடியில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"கோடையில மலைவழி எப்பிடிக்கா இருக்கும்?"

"ஓடையெல்லாம் ஒட்டக் காஞ்சு கெடக்கும். மேல ஒரு ஊத்துதாம். அதுக்கும் பள்ளத்துல எறங்கணும். சருகு வழுக்கும். பச்சரிசிப் பாறை காலை வாரிரும்."

"அங்க அரிசி குடுப்பாவளேக்கா?"

"அரிசியா! ஏட்டி செல்லக்கனி, அங்க பொடிக்கல்லு அரிசி கணக்கா வெள்ளை வெளேர்னு கெடக்கும். அதுக்குத்தாம் அந்தப் பேரு. அதைப் பொங்கித் தின்னா பல்லு தங்காது!"

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போ மனுசன் மலையே ஏறவில்லை. அடிவாரத்துப் பிளவக்கல் அணையில் முங்கிவிட்டு, வரும் வழியில் ஏதோ ஒரு கடையில் அரிசி வாங்கியிருக்கிறார். அரிசியும் பச்சை, சொன்ன பொய்யும் பச்சை.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"இந்த அமாவாசைக்குச் சின்னவளை மலைக்குக் கொண்டு போவோம்."

"வழி சரியில்லட்டி. காட்டுல தீப்பிடிச்சிருக்காம்."

"அது அணஞ்சு எம்புட்டு நாளாச்சு தம்பி!" வாசலில் மாடத்தியக்கா. நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"தண்ணி கெடைக்காதே..."

"நீங்க முங்கிக் குளிச்ச ஓடை இருக்கே" என்றேன். அவருக்குச் சோறு விக்கியது. "அக்கா, இவியளுக்கு வழியெல்லாம் அத்துபடி. பாறை பாறையாப் பேரு சொல்லுவாவ."

"அப்பிடியா! அப்ப தம்பி முன்னால நடக்கட்டும். நாங்க பின்னால வாரோம்."

மாட்டேன் என்றால் அன்று போனது பொய். சரி என்றால் இன்று போகணும். சரி என்றார்.

மலையில் பச்சை என்று ஒரு இலை இல்லை. எரிந்த மூங்கில் கரிக்கட்டையாக நின்றது. ஓடையில் கல்லுதான் படுத்துக் கிடந்தது. சின்னவள் அழக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் தொங்கினாள். எனக்கு மூத்தவன் நினைப்பு வந்தது. முந்தானையை இழுத்து அவள் தலையை மூடினேன்.

முன்னால் நடந்தவரோ, பாதை பிரிகிற இடமெல்லாம் வேட்டியை இறுக்கிக் கட்ட நின்றார். மாடத்தியக்கா தாண்டிப் போனதும் அவள் பின்னாலேயே நடந்தார். அம்புட்டுத் தடவை கட்டியும் அந்த வேட்டி இறுகவே இல்லை.

ஒரு சரிவில் சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தார்.

"என்ன எழவு எடம் இது!"

"தெரியலியா தம்பி? பச்சரிசிப் பாறை."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடிக்கல்லைப் பார்த்தார். பொறவு என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, அதே கையில் அரிசியைக் கொட்டினேன்.

"மூத்தவனுக்குக் கஞ்சி வச்சதுல மிச்சம்."

எழுந்தார். சின்னவளை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வேட்டி அவிழவே இல்லை.

கோயிலில் முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டிவிட்டு, "தலையை நனைக்கத் தண்ணி எங்க?" என்றார். குடத்தில் கொண்டுவந்த தண்ணி வழியிலேயே தீர்ந்திருந்தது.

"தண்ணிக்கு எங்கட்டி போவேன்?" என்றார் இவர்.

காலிக் குடத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க முங்கிக் குளிச்ச எடத்துல ஒரு குடம் மோந்துட்டு வாங்க. ஐஸ் மாதிரி இருந்தா செத்த நேரம் வெயிலுல வச்சுக் கொண்டாங்க, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."