தையல் மெசின்மேல் எழுந்த மீன்கோட்டை

கேளுங்கள் பெரியோரே! மலைகள் அரணாய்ச் சூழ, மழைமுகில் குடையாய்க் கவிய, ஊவா மாகாணத்தின் தலைநகராய் வீற்றிருக்கும் பதுளை மாநகரின் கடைவீதியிலே, சீத்தைத் துணிகளின் செங்கோலன், முழக்கோல் ஏந்திய மூதரசன், பேரம் பேச வந்த பெண்களிடம் ஒருநாளும் வென்றறியாத விறலோன், புடவைக்கடை ஷுக்ரி நானா வாழ்க! அவருடைய தொந்தி வாழ்க! அவர் பதினான்கு நாள் நடத்த நினைத்து, பதின்மூன்றாம் நாளிலேயே முடித்த பெரும்போரைச் சொல்லப் போகிறேன். அந்தப் போரில் அவர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் ஒரு மீனைச் சும்மா விட்டுவைப்பது மட்டும்தான்.

அறுபத்தெட்டாம் ஆண்டு, பினாங்கிலிருந்து கப்பலேறி வந்த அவருடைய மச்சான் ஹுமைத், ஒரு பால்மாப் போத்தலில் இரண்டு காட்டு மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் விற்கும் பைட்டர் மீனுக்கு இவை ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் அந்தச் சிவப்பும் நீலமும் இவற்றுக்கு இல்லை. தேநீர் கொட்டிக் கறைபட்ட துணியின் நிறம். கீர்த்தியோ பெரிது. பெண்மீன் இட்ட முட்டைகளை ஆண்மீன் தன் வாய்க்குள் வாங்கி, பதினான்கு நாள் பச்சைத் தண்ணீர்கூட விழுங்காத தவசியைப் போல் இரை தொடாமல் சுமந்து, கடைசியில் குஞ்சுகளாக வெளியே விடும். அந்த நாட்களில் தொட்டியை அசைக்காதே, தட்டாதே, தீனி போடாதே, வெருண்டால் விழுங்கிவிடும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு மச்சான் ரயிலேறினார். நம் தலைவர் மூன்று முறையும் தலையாட்டினார்.

அடுத்து, கோட்டை கட்டும் படலம். தெமோதரைத் தோட்டத்து ஓடையிலிருந்து, பஸ்ஸில் நின்றோர் சாரங்களையெல்லாம் நனைத்தபடி, டின் டின்னாக நீர் வந்தது. மீன்களுக்கு இரையாக நுளம்புப் புழு வளர்ப்பதற்காக வீட்டின் பின்புறம் ஓர் உடைந்த வாளி நாட்டப்பட்டது. நுளம்புகள் குடும்பத்தைக் கடித்தது அந்தப் பெருமானுக்குப் பொருட்டாகவில்லை. கண்ணாடித் தொட்டியைத் தாங்கத் தகுந்த இரும்புக்கால் பீடம் அந்த மாளிகையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் மனைவி உம்மு குல்தூமின் தையல் மெசின். அதன் தலையை மடக்கி உள்ளே தள்ளி, பலகையை மூடி, அதன்மேல் தொட்டியை ஏற்றி, தம் இராச்சியத்தை நிறுவினார் மன்னர்.

நோன்பு மாதம் பிறந்தது. பன்னிரண்டாம் நோன்பன்று பெண்மீன் முட்டையிட, ஆண்மீன் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு தாடை புடைத்து ஒரு மூலையில் நின்றது. அதே மாலையில் உம்மு குல்தூம் தன் ஒரே பிரகடனத்தை வெளியிட்டாள்.

“நாலு புள்ளைக்கும் பெருநாள் சட்ட தைக்க வேணும். மெசின எப்ப தருவீங்க?”

“குஞ்சு வெளிய வந்த அண்டைக்கு,” என்றார் தலைவர்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். மெசின் இருபத்தாறாம் நோன்பில் கிடைத்தால் பெருநாளுக்குமுன் நாலு நாள் மிஞ்சும், நாளுக்கொரு சட்டை. ஊர்த் தையற்காரர்கள் பத்தாம் நோன்போடு துணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், வேறு வழி இல்லை. நாலு துணியையும் அளந்து வெட்டி, ஊசி குத்தி, மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அந்த வீட்டில் உண்மையான பொறுமை இரண்டே உயிர்களிடம் இருந்தது. ஒன்று அவள், மற்றது மீன்.

நம் வீரரோ சும்மா இருக்கப் பிறந்தவரல்லர். மீன் பசி கிடக்க, புகழ் தமக்கு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பள்ளிவாசல் வாசலில் நின்று, தம் வீட்டில் மீனும் நோன்பு பிடிக்கிறது என்று முழங்கினார். வீதி முழுவதும் அதிசயம் பார்க்கத் திரண்டது. தாம் அந்த மீனுக்குப் பயிற்சி கொடுத்ததாகக்கூட ஒரு நாள் சொன்னார். வெட்கம் என்பது அவர் கடையில் கிடைக்காத சரக்கு.

இருபத்தைந்தாம் நோன்பு. முட்டைகள் கண்ணுள்ள குஞ்சுகளாகிவிட்ட பதின்மூன்றாம் நாள். இன்னும் ஒரே ஓர் இரவு பொறுத்தால் போதும். அந்த மாலையில் நோன்பு திறக்க வந்த ஆறு விருந்தினரில் ஒருவர், வீதியின் எதிர்ப்புறத்து இரும்புக்கடை இப்றாஹீம், நம் தலைவரின் நெடுநாள் எதிரி. பாங்கு சொல்லி எல்லாரும் ஈத்தம்பழத்தை வாயிலிட்ட பின், அவர் தொட்டியைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

“மீன் நோன்புதான், சரி. தொறக்க என்னத்த குடுக்குறீங்க, நானா?”

ஆறு பேரும் சிரித்தார்கள். இரவிலும் உண்ணாதது நோன்பாகாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். மீன் முட்டை சுமக்கிறது, நோன்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். ஆனால் பதின்மூன்று நாள் அளந்த பொய்யை ஆறு பேர் முன்னால் சுருட்டுவதா? சிங்கமென எழுந்தார் சீத்தைத்துணி வேந்தர். கஞ்சிக் கோப்பையை இடக்கையில் ஏந்தினார். கரண்டியை வாளென வலக்கையில் உயர்த்தினார். “வேணாம், நாளைக்கு ஒரு நாள்தானே,” என்று உம்மு குல்தூம் கதவோரம் நின்று சொன்னது அந்த வீரச்செவியில் ஏறவில்லை. தேங்காய்ப்பாலும் இறைச்சித் துணுக்குகளும் மிதக்கும் நோன்புக் கஞ்சி தொட்டிக்குள் சரிந்தது.

நீர் வெள்ளையாகக் கலங்கியது. கலக்கத்தின் நடுவே அந்தத் தந்தை மீன் வெருண்டு வாயைத் திறந்தது. ஒரு கறுப்புப் புள்ளி வெளியே நழுவியது. மறுகணம் அதுவும் கஞ்சியும் ஒன்றாக உள்ளே போயின. தொண்டை ஒருமுறை அசைந்தது. பதின்மூன்று நாளாகப் புடைத்திருந்த தாடை தட்டையாயிற்று.

இப்றாஹீம் சிரிக்கவில்லை. தலைவர்தான் சிரித்தார், மீன் நோன்பு திறந்துவிட்டது என்று அறிவித்தார். விருந்தினர் போனபின் உம்மு குல்தூம் மெசினைக் கேட்டாள். தோல்வி என்ற சொல்லை அறியாத அந்தத் தீரர், தொட்டிக்குள் கிடந்த இலைக்கடியில் ஒரு குஞ்சாவது பிழைத்து ஒளிந்திருக்கும், அது வெளிப்படும் வரை தொட்டியில் யாரும் கைவைக்கக்கூடாது என்று ஆணையிட்டு, நாற்காலியைப் போட்டுக் கோட்டைவாசலில் காவல் அமர்ந்தார். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என நாட்கள் அணிவகுத்துச் சென்றன. ஒளிந்த குஞ்சு வெளிவரவில்லை. முப்பதாம் நாள் மாலையில் பிறை தெரிந்தது. வீதியெங்கும் வெடி முழங்கியது. வென்ற வேந்தனைப் போல் எழுந்து நின்றார் எங்கள் ஷுக்ரி நானா.

பெருநாளன்று புடவைக்கடைக்காரரின் நாலு பிள்ளைகளும் போன வருஷச் சட்டையைத்தான் போட்டார்கள்.