கண்டாலா பங்களாவில் கயிற்றுப் புல்

சேசு மரி சூசை துணை

தாராவி
12-1-1968

அம்பர்நாத்தில் வசிக்கும் அன்பும் கோபமும் நிறைந்த சம்பந்தி வேதமுத்து அவர்களுக்கு, லாசர் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் லூர்தம்மாளும் மகள் செல்வமேரியும் தேவமாதா தயவில் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும் மதினி சேசம்மாளின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல லூர்தம்மாள் எழுதுகிறாள். நடுவில் அவளாகச் சேர்க்கிற வார்த்தைக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

‘என் மகன் தனசீலன் இந்த மாதத்துக்குள் கம்பெனி வேலைக்குத் திரும்பாவிட்டால் கல்யாணப் பேச்சை மறந்துவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் சொன்னதே நியாயம். மாப்பிள்ளையைத் திங்கட்கிழமை அனுப்பிவைக்கிறேன். பச்சைப் பாய்த் தொழிலை இன்றோடு தலைமுழுகிவிட்டேன். ஏன் என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் வருஷக்கணக்காகக் கயிற்றுப்பாய் கொடுத்துவரும் துணிக்கடைச் சேட்டுக்குக் கண்டாலா மலையில் ஒரு பங்களா உண்டு, அவர் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வரும்போது ஒரு போட்டோ கொண்டுவந்தான், அந்த ஊரில் பிளாஸ்டிக்கிலேயே புல் செய்து மைதானம் முழுக்க விரிக்கிறார்களாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், எங்கள் மலையிலோ மழைக்காலம் முழுக்கச் சேறு, மிச்ச நாளெல்லாம் செம்மண் புழுதி, வீட்டு வாசலில் டென்னிஸ் ஆட இதுபோல் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டான். முடியாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “கால்மிதியில நிக்கிற தேங்கா நாரு புல்லு மாதிரித்தான மாமா இருக்கு? பச்சைச் சாயத்துல முக்கி, ஒண்ணோட ஒண்ணு தச்சா ஆச்சு!” என்றார். அந்த நிமிஷமே தங்கள் கம்பெனியில் தாங்கள் வாங்கிக்கொடுத்த வேலையையும் விட்டுவிட்டார். தடுக்காதது என் புத்தி.

மலையில் சமமான இடம் ஏது? ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டி, கல் அடுக்கி, பாயை இழுத்து முளையடித்து நிமிர்ந்தால் பள்ளத்திலிருந்து வந்த காற்று அடியில் புகுந்து மைதானம் மொத்தமும் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் குப்புறப் படுத்து அதை அடக்கினோம். சேட்டின் மகன் வந்து பந்தை ஓங்கி அடித்தான். பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று அடித்தான், அதுவும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. “அரே லாசர், பால் உடத்தா க்யூன் நஹி?” என்று சேட் கத்தினார். பந்து எழும்பாததற்கு நான் என்ன செய்வேன்? மலை ஏறி வந்த களைப்பு என்று எனக்குத் தெரிந்த இந்தியில், “தக் கயா சேட்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைதான் ஓடிப்போய் வலையை உயர்த்திக் கட்டி, “பாட்மிண்டன் ஆடுங்க சேட், அதுல கீழ விழுந்தாத்தான தப்பு!” என்று மானத்தைக் காப்பாற்றினார்.

காப்பாற்றிய மானத்தை ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கினேன். சேட்டின் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை முளை வாங்கப் பஜாருக்கு இறங்கியிருந்தார். பார்த்தால், எல்லாரும் சப்பாத்தோடு என் பாயில் ஏற வருகிறார்கள்! நம்ம கோவிலில் பாய் விரித்தால் காலில் இருப்பதை வாசலில் விட்டுத்தானே ஏறுவோம்? நாற்பத்திரண்டில் மாதா திருநாளன்று பூட்ஸோடு பாய் ஏறிய போலீஸ்காரரையே இறக்கிவிட்டவன் நான். அவர் பெயர் பாட்டீல், இடது பக்க மீசை கொஞ்சம் குட்டை. கையை நீட்டி, “ஜூத்தா உதர்!” என்றேன். என் நரைத்த தாடியைப் பார்த்து மலைத்தார்களோ என்னவோ, சப்பாத்துகளை மரத்தடியில் விட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஆணும் பெண்ணும் கலந்து நின்றார்கள். கோவில் பாயில் அப்படி நிற்போமா? “ஆத்மி இதர், அவுரத் உதர்!” என்று வலைக்கு இந்தப் பக்கம் ஆண்களையும் அந்தப் பக்கம் பெண்களையும் பிரித்துவிட்டேன். அதற்குள் மாப்பிள்ளை மூச்சுவாங்க ஏறிவந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

“மாமா, இது பூசை இல்ல, ஆட்டம்!”

“பாய்னா பாய்தான் மாப்ள. சும்மா இரும்.”

இத்தனை வருஷமாகச் சப்பாத்து மாட்ட வெட்கப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த சேட்டம்மா, எல்லாரும் வெறுங்கால் என்றதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையைப் பிடித்தார். எதிரே புருஷன். அப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்லக்கூடாது, குடும்பக் கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். சேட் படுதோல்வி. போதாததற்கு வேர்வையில் சாயம் கிளம்பி அத்தனை பேர் பாதமும் கிளிப்பச்சை. வெள்ளைச் சலவைக்கல் ஹால் முழுக்கப் பச்சைத் தடம். அதைப் பார்த்த சேட் மலைப்பாதையைக் காட்டி, “நீச்சே ஜாவ்!” என்றார். இறங்கி வந்துவிட்டோம்.

ஆகையால் சம்பந்தி, தொழில் முடிந்தது, தங்கள் மகன் தங்களுக்கே. கல்யாணத்தைத் தவசு காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் கழிந்ததும் வைத்துக்கொள்வோம். தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் தேவமாதா கோபம் தணிந்த மனசையும் நல்ல பசியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
புத்தி தெளிந்த
லாசர் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் நம்ம சந்து முனையில் கார் வந்து நின்றது. சேட்டம்மா! கூடவே பக்கத்துப் பங்களாக்களின் அம்மாமார் நாலு பேர். ஆளுக்கொரு மைதானம் வேண்டுமாம். சாயம் மட்டும் ஒட்டக்கூடாதாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற சட்டம் மாறவே கூடாதாம், அதை நின்று நடத்த நானே வரவேண்டுமாம். மாப்பிள்ளை அளவு நாடாவோடு அதே காரில் ஏறிப்போய்விட்டார், திங்கட்கிழமை வரமாட்டார். பாஸ்குக்கும் தோதுப்படாது. கம்பெனியில் அவருக்காகப் பிடித்துவைத்திருக்கும் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இங்கே பாய் இழுக்க ஆள் போதவில்லை. தாங்களும் லீவு போட்டுவிட்டுக் கண்டாலா வந்து சேருங்கள், ஒரு முனையைத் தாங்கள் பிடித்தால் மறு முனையிலிருந்து நான் கல்யாணத் தேதியைப் பேசி முடித்துவிடுவேன்.