மூணு நாற்காலி சார்

தன் லீவுக்குத் தானே மனுப் போட்டு, தானே அதை நிராகரித்து, அதற்காக ஒரு வாரம் தன்னிடமே முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அரியலூர் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகம். நான் அங்கே இளநிலை உதவியாளர். அந்த வருஷம் மேலிடத்துக்குச் சிக்கன ஜுரம். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. மாறுதலில் போனவர் இடத்துக்கும் ஆள் வரவில்லை. கடைசியில் உதவியாளர், கணக்கர், மேலாளர் என்று மூன்று பேர் வேலையும் இவர் ஒருவர் தலையில் விழுந்தது. 'கூடுதல் பொறுப்பு' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே மூன்று கையெழுத்தையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

இவர் அப்படியில்லை. "அந்தந்த சீட்டு வேலைய அந்தந்த சீட்லதான்ப்பா பாக்கணும்" என்பார். உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். எழுந்து போய்க் கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்து, எவனோ எழுதியதைப் படிப்பதுபோல் புருவத்தைச் சுருக்குவார். அப்புறம் மேலாளர் நாற்காலி. அங்கே போனால் குரலே கனத்துவிடும். நாற்காலி மாறும்போதெல்லாம் பழைய ஃபேனை நிறுத்திப் புது ஃபேனைப் போடுவார். சிக்கன உத்தரவாயிற்றே!

ஒருநாள் பஸ் லேட். வந்ததும் நேராக மேலாளர் நாற்காலிக்குப் போய், தாமதமாக வந்த உதவியாளருக்கு ஒரு மெமோ எழுதினார். உதவியாளர் நாற்காலிக்கு வந்து அதைப் பிரித்துப் படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்னா சார் ஆச்சு?"

"மெமோ குடுத்துட்டாங்கப்பா. சர்வீஸ்லயே மொத மெமோ."

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு விவகாரம் அதற்கடுத்த மாசம். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். போனில் மனைவி போட்ட சத்தம் என் மேஜை வரை கேட்டது. "ஏங்க, நீங்கதான மேனேஜரு?"

"அந்த சீட்ல இருந்தா மேனேஜரு. இப்ப இந்த சீட்ல இருக்கேன். ஆள் பத்தாதுன்னு லீவு குடுக்க மாட்டேன்னுட்டாரு, நான் என்னா பண்ண?"

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தோம். அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. தற்காலிகப் பணியாளர்களை நிறுத்திவிட்டு விவரம் அனுப்ப வேண்டுமாம்.

எங்களிடம் இருந்ததே ஒரே ஒரு தற்காலிகப் பணியாளர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தமிழ்ச்செல்வி. செந்துறையிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவனுக்கு முதுகில் அடிபட்டுப் படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. மெயிலில் வந்த அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்து வந்து வைத்ததும் அவளேதான்.

"சார், இது என்னயத்தான் சொல்லுது."

"வெச்சுட்டுப் போம்மா. சீட்டு வழியாப் போவட்டும்."

போயிற்று. எப்படிப் போயிற்று! பணியாளரை நிறுத்தலாம் என்று உதவியாளர் எழுதினார். நிறுத்தினால் கணினி வேலையை யார் பார்ப்பது என்று கணக்கர் கேட்டார். உதவியாளர் விளக்கம் எழுதினார். மேலாளர் அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்டுத் திருப்பினார். ஃபேன்கள் நின்று நின்று சுற்றின. கல்லங்குறிச்சிக் கோயில் தேராவது நிலைக்கு வந்து சேரும், இந்தக் கோப்பு வரவில்லை.

"ஏன் சார், கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. முடிச்சு விட்டுடலாமே?" என்றேன்.

"நான் முடிச்சுடுவேன்ப்பா. அந்தக் கணக்கர்தான் ஒத்துவர மாட்டேங்கறாரு."

மாசக்கணக்கில் இப்படியே ஓடியது. புதிதாக வந்த வட்டார வளர்ச்சி அலுவலர், எங்கள் பி.டி.ஓ., ஒருநாள் பொறுமை இழந்தார். "அந்தக் கோப்போட, கையெழுத்துப் போட்ட மூணு பேரையும் உள்ள வரச் சொல்லுங்க!"

இவர் கோப்போடு போனார். வேறொரு கையெழுத்துக்காக நானும் உள்ளே நின்றிருந்தேன்.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"எல்லாரும் வந்துட்டோம் சார்."

பி.டி.ஓ.வுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் இரட்டிப்பாயிற்று. "இதுல யாருய்யா இதை இழுத்தடிக்கறது?"

கணக்கர் தலையில் கட்டிவிடுவார் என்று நினைத்தேன். கட்டவில்லை.

"நான்தாங்க சார். சீட்டு மேல பழி போடக் கூடாது. சனங்க மனுவெல்லாம் அந்தப் பொண்ணுதான் கம்ப்யூட்டர்ல ஏத்துது. அது போச்சுன்னா இங்க வேலையும் நிக்கும், அங்க அது வூட்டு அடுப்பும் நிக்கும். அத வூட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரலீங்க. மெமோ குடுங்க சார், வாங்கிக்கறேன்."

தானே கொடுத்த மெமோவுக்குச் சோறு இறங்காத மனுஷன் இவர்!

பி.டி.ஓ. கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேனாவை எடுத்தார். 'பணியாளர் பற்றாக்குறை காரணமாக இவரது சேவை இன்றியமையாதது. பணி தொடர அனுமதி கோரி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதவும்' என்று எழுதினார்.

"கொண்டு போங்க. மூணு பேரும் இன்னைக்கே கையெழுத்துப் போடணும்" என்றார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

அனுமதி வந்தது. காலியாயிருந்த இரண்டு இடத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். தமிழ்ச்செல்வி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கணவன் இப்போது எழுந்து நடமாடுகிறானாம்.

அனுமதி வந்த சாயங்காலம் அவள் அவர் முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அட, போம்மா, செந்துறை பஸ்ஸு போயிடப் போவுது" என்று அவளை விரட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்று யாரும் இல்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.