டேங்கர் அண்ணன் பெண் பார்த்த கதை

கொடைக்கானலில் மின்வாரியத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கரண்ட் வைத்திருந்தவர் எங்கள் டேங்கர் அண்ணன்தான். நான் கிளார்க்காக இருந்த பள்ளிக்கூடத்தில் அவர் பிசிக்ஸ் லேப் உதவியாளர். மார்கழி, தையில் காற்று வறண்டுவிட்டால் அவரை ஒருத்தரும் தொட மாட்டோம். உடம்பில் இரண்டு கம்பளி ஸ்வெட்டர், காலில் தடித்த ரப்பர் ஷூ. கை கொடுத்தால் சுளீர் என்று ஷாக் அடிக்கும். ஒருமுறை ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடும்போது இவர் விரல் பட்டு, கையெழுத்து மேஜை வரைக்கும் போனது.

"ஒடம்பும் கண்டக்டருதான் தம்பி. ஒரசுனா கரண்டு சேரும். மேல நானு, கீழ பூமி, நடுவுல ரப்பரு. எறங்க வழியில்லாம அப்படியே தேங்கிக் கெடக்கு" என்பார்.

"பஸ் கண்டக்டர்னா எறங்கச் சொல்லிருவாருண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்ரோல் லாரிக்குப் பின்னால் தொங்குமே, அதுபோல கரண்ட் இறங்க ஒரு சங்கிலியைக் கணுக்காலில் கட்டித் தரையில் இழுத்தபடி மறுநாளே வந்துவிட்டார். டேங்கர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கரண்டால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. முதல் வீட்டில் பெண் நீட்டிய எவர்சில்வர் தம்ளரைத் தொட்டதும் பொறி பறந்து, காபி முழுக்கப் பெண் வீட்டுப் பெரியவர் வேட்டியில். அடுத்த வீட்டுக்குச் சங்கிலியோடு போனார். "எந்த ஜெயில்லருந்து வர்றாரு?" என்று கேட்டுவிட்டார்கள். வயது முப்பத்தெட்டு. அடுத்ததும் போனால் என்னிடம் வராதீர்கள் என்று தரகர் கையைக் கழுவிவிட்டார்.

மூன்றாவது, கிளாவரை கிராமத்தில் பூண்டு விவசாயி வீடு. ஜீப்பிலேயே சங்கிலியைக் கழற்ற வைத்தேன். அண்ணன் சாக்ஸோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பதற்றத்தில் நெளிந்தார். நெளிய நெளிய ஸ்வெட்டர் சடசடத்தது. பெண் காபியோடு வந்தாள். அண்ணன் விருட்டென்று எழுந்து ஓடி, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு ஏதும் கோளாறுங்களா?" என்று பெண்ணின் அப்பா என்னைக் கேட்டார். சாமி கும்பிடுகிறார் என்று சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் அண்ணனே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"கோளாறுதாங்க. என் ஒடம்புல கரண்டு சேந்துரும். அப்படியே தம்ளர வாங்குனா உங்க மகளுக்குச் சுளீர்னு அடிக்கும். அதான் இங்கன எறக்கி விடுறேன்."

அப்பா துண்டை உதறி எழுந்தேவிட்டார்.

"உக்காருங்கப்பா" என்றாள் பெண். "நமக்கு வலிக்குமேன்னு முன்கூட்டியே நெனச்சு ஓடுற ஆளு எங்க கெடைப்பாரு?"

அண்ணன் வந்து தம்ளரை வாங்கினார். வாங்கின அவசரத்தில் பாதிக் காபி தரையில். அவரைக் கேலி செய்தே காலம் தள்ளிய எனக்கு, அந்த நிமிஷம் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.