கட்டாயம் சம்மதம்

மாதா துணை

தூத்துக்குடி,
சனிக்கிழமை, மத்தியானம்.

வேம்பாரில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ரோச் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, மிக்கேல் கொரேரா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மரியசெல்வியும் மகள் ஸ்டெபியும் சுகம். அங்கே தாங்களும் மதினியும் மாப்பிள்ளை ஜெனோவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும். பயப்பட ஒன்றுமில்லை.

நாளை காலைப் பூசையில் பிள்ளைகளுடைய கல்யாண அறிவிப்பு ஓலை முதல் தடவையாக வாசிக்கப்படும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது வாசிக்கப்படாது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் தாங்கள் முதல் வரியிலேயே சத்தம் போடுவீர்கள், இரண்டாவது வரியைச் சொல்ல எனக்கு வாய் எழும்பாது. அதனால் மூன்று மணி வேம்பார் பஸ்ஸில் கண்டக்டர் சுடலைக்கண்ணு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது வெறும் வார்த்தைக் குழப்பம். ஓலை வாசிக்கும் முன்னால் பெண்ணிடம் விசாரிப்பது கோயில் வழக்கம் என்று தங்களுக்குத் தெரியும். நம் காலத்தில் சாமியார் பெண்ணைக் கேட்பார், பெண்ணின் அப்பா பதில் சொல்லுவார், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இப்போது வந்திருக்கும் புதுச் சாமியாருக்குச் சின்ன வயசு, என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். நான் சும்மா காற்றுக்காக ஜன்னலோரம் நின்றேன். ‘இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமாம்மா?’ என்று கேட்டார். ஸ்டெபி வாயைத் திறக்கவில்லை. நான் இருமினேன். அப்போதும் திறக்கவில்லை. ‘கட்டாயம் ஏதும் உண்டா?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். ‘கட்டாயம், சாமி’ என்றாள். அதை அவர் அப்படியே படிவத்தில் எழுதிப் பேனாவை மூடிவிட்டார். நான் உள்ளே ஓடி, ‘சாமி, இவ சின்னதுலேர்ந்தே ஒரு கேள்வி பிந்தித்தான் பதில் சொல்லுவா. அது முதல் கேள்விக்குள்ள பதிலு. கட்டாயம் வாரேன், கட்டாயம் செய்யுதேன்னு சொல்லுதோம்லா, அந்தக் கட்டாயம். வேணும்னா பக்கத்துல சம்மதம்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கிடுங்க’ என்றேன். ‘சேர்த்தா கட்டாயச் சம்மதம்னுல்லா வரும், அண்ணாச்சி?’ என்று கேட்கிறார். ரொம்பப் படித்தவர்களை வைத்துக்கொண்டு ஒரு நல்ல காரியம் செய்ய முடியவில்லை.

அண்ணாச்சி, கட்டாயம் என்றால் எனக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். துறைமுகத்தில் கேட் பாஸ் பார்த்து ஓய்வு பெற்றபின் பத்திரப்பதிவு ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டேன். அங்கே உட்கார்ந்தால்தான் உலகம் தெரிகிறது. சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தினமும் நாலு வரும். எல்லாவற்றிலும் ‘முழு மனதுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும்’ என்று இருக்கும். கையெழுத்துப் போடவேண்டிய அக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், தம்பிமார் இரண்டு பேர் அவள் எழுந்து போய்விடாதபடி வாசலில் நிற்பார்கள். போன மாதம் கட்சிக்காரப் பையன்கள் வந்து, ‘அண்ணாச்சி, நாளைக்கு எல்லாரும் தன்னெழுச்சியாக் கடையடைக்காங்க, நீங்களும் ஆறு மணிக்கு முன்னாலயே தன்னெழுச்சியா அடைச்சிருங்க’ என்றார்கள். ‘எனக்கு எழுச்சி வரலைன்னா?’ என்று கேட்டேன். கண்ணாடிக் கதவைத் தட்டிப் பார்த்து, ‘நல்ல கண்ணாடி’ என்றார்கள். எனக்கு எழுச்சி வந்துவிட்டது. சட்டம் மட்டும் என்ன, ஹெல்மெட் போடச் சொல்கிறது, போடாவிட்டால் போலீஸ்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்குகிறார், நம் நன்மைக்குத்தான் என்கிறார். நன்மைக்கு எதற்கு லத்தி என்று நான் அவரிடமே கேட்டேன், மனதுக்குள். இவ்வளவு வெறுப்பு உள்ள நானா பெற்ற மகளைக் கட்டாயப்படுத்துவேன்?

நான் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன், தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது என் வயிறு, என் இஷ்டம். மரியசெல்வி குசினியில் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, ‘இந்தப் பிள்ளை மனசை மாத்தும் தாயே, இல்லாட்டி என்னைக் கூப்பிட்டுக்கிடும்’ என்று அடுத்த அறையில் கேட்கும்படி ஜெபித்தாள். ஜெபத்தைத் தடுக்க முடியுமா? ஸ்டெபியின் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்தேன், கல்யாணப் பெண் வெயிலில் கறுத்துவிடக் கூடாதே. அவள் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு ராஜினாமாக் கடிதம் நானே டைப் செய்தேன், அதிலும் ‘என் சுயவிருப்பத்தின் பேரில்’ என்று மறக்காமல் சேர்த்தேன். ‘நான் மாட்டேன்னு சொன்னா என்னப்பா செய்வீங்க?’ என்று ஒருநாள் கேட்டாள். ‘நான் என்னளா செய்யப் போறேன்? ஒண்ணும் செய்ய மாட்டேன். செத்துப் போவேன், அவ்வளவுதான்’ என்றேன். கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கே சரி என்றுவிட்டாள்.

இதையெல்லாம் சாமியாரிடமும் விளக்கமாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் படிவத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஓலை நின்றது. வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் ஜன்னலுக்குப் போகச் சொல்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நாலு தடவை தண்ணீர் குடித்துவிட்டேன். மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது, ஜெனோவுக்குக் கப்பலில் லீவு நாற்பது நாள்தான். தங்கள் தம்பி சாமியாராக இருக்கிறாரே, அவர் மூலமாக இந்தப் புதுச் சாமியாருக்கு ஒரு அழுத்தம், அழுத்தம் என்றுகூடச் சொல்லமாட்டேன், லேசாக ஒரு விரல் வைத்தால் போதும், அடுத்த ஞாயிறு ஓலையை வாசித்துவிடுவார்.

மதினிக்கு என் வணக்கம். ஜெனோவுக்கு மாமாவின் முத்தங்கள். மரியசெல்வி தங்கள் எல்லோருக்காகவும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
மிக்கேல் கொரேரா

பி.கு.: உறையை ஒட்டும் முன் பிழை திருத்தச் சொல்லி ஸ்டெபியிடம் கொடுத்தேன், வீட்டில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தவள் அவள்தான். நின்றபடியே முழுதும் படித்தாள். ‘நான் ரெண்டாவது கேள்விக்குத்தான்பா பதில் சொன்னேன்’ என்றாள். எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், பயம்தான் வந்தது. ‘அப்பம் உனக்கு என்னதாம்ளா வேணும்?’ என்று கேட்டுவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன் என்பது கேட்டபிறகுதான் உறைத்தது. உறையை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் நின்றாள். பிறகு, ‘தெரியலப்பா. யோசிக்க விட்டாத்தான தெரியும்’ என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன், அண்ணாச்சி, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஆகையால் மேலே கண்ட எதையும் மனதில் வைக்க வேண்டாம். தம்பி சாமியாரிடம் பேச வேண்டாம். அழைப்பிதழை நிறுத்தச் சொல்லி அச்சுக்காரருக்கு நான் சொல்லிவிட்டேன். ஜெனோவிடம் யாராவது கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கே ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். பதில் வர நாம் நினைப்பதைவிட ரொம்ப நேரம் ஆகிறது.