அக்கா வருவதற்குள் ஒரு குளியல்

கடிகாரக்காரர் குளியலறையில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் திரவத்தின் பாட்டிலைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வாளிக்குள் உடம்பெல்லாம் சேறாக ஒரு நாய்க்குட்டி நின்று அவரையே பார்த்தது.

கொல்லைப்புறத்துச் சாமான் அறை ஓரம் சேற்றில் புரண்டு கத்திக்கொண்டிருந்த குட்டி அது. பார்த்ததுமே மனசு இளகிவிட்டது. ஆனால் வீடு அவருடையது மட்டுமல்ல, அக்காவுடையதும்தான். அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ், சுத்தம் என்றால் உயிரை விடுவாள். சாயங்காலம் அவள் வரும்போது குட்டி பளிச்சென்று இருந்தால் பேசிப் பார்க்கலாம். சேற்றோடு இருந்தால் குட்டியோடு அவரும் தெருவில்தான்.

அலமாரியில் இருந்த அக்காவின் சோப்பு ஆஸ்பத்திரி நெடி அடித்தது. ஷாம்புவில் வாசனை தூக்கலாக இருந்தது. பாத்திரத் திரவத்தில் மட்டும் 'கைகளுக்கு இதமானது' என்று போட்டிருந்தது. கைக்கு இதம் என்றால் காலுக்கும் இதம்தானே என்று நாலு சொட்டு விட்டார்.

நுரை பொங்கியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் பொங்கியது. குட்டி தும்மியது, பிறகு தன் காலை நக்கத் தொடங்கியது. கடிகாரக்காரர் ஒரு கையால் அதன் வாயை விலக்கிப் பிடித்தார். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

"எதைப் போட்டுக் குளிப்பாட்டினீங்க?"

சொன்னார்.

"நாய்க்குட்டியா, எண்ணெய்ச் சட்டியாங்க அது?" என்றார் டாக்டர். அந்தத் திரவம் குட்டியின் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையையே உரித்துவிடுமாம். மனிதர் போடுகிற ஷாம்புவும் ஆகாதாம். குட்டிகளுக்கென்றே வாசனை இல்லாத ஷாம்பு இருக்கிறது; இப்போதைக்கு நக்கவிடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலசி, மதியம் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வெந்நீர் எடுக்கத் திரும்பியதுதான் தாமதம். வாளி கவிழ்ந்தது. நுரையுருண்டை ஒன்று கூடத்தைக் கடந்து, கடிகார மேசைக்கு அடியில் புகுந்து, அக்காவின் கட்டிலில் ஏறி, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சீருடையின் மேல் படுத்து உதறிக்கொண்டது.

ஒருவழியாகப் பிடித்து அலசி முடித்தால், குட்டி வெடவெடவென்று நடுங்கியது. ஈரம் போகட்டும் என்று முடி உலர்த்தும் மிஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அது அவர் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. நெஞ்சோடு அணைத்தார். அதன் இதயம் சின்னக் கைக்கடிகாரம் மாதிரி படபடத்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டவர்தான். ஒன்றுகூட அவரை நம்பி இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

'அக்கா துரத்தினால் கடிகாரக் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன்' என்று முடிவு செய்தபடி துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

டாக்டர் அப்போதுதான் மதிய டியூட்டிக்கு வந்திருந்தார். தோலைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றார். குட்டிகளுக்கான ஷாம்புவைத் துளி எடுத்து, கண்ணிலும் காதிலும் படாமல் மெல்லத் தேய்த்துக் காட்டினார்.

"சுத்தமாயிடுமா டாக்டர்? எங்க அக்காவுக்கு அழுக்குன்னா ஆகவே ஆகாது. அதான் பயமா இருக்கு."

உலர்ந்த துண்டோடு வந்த உதவியாளர் அம்மாள் குட்டியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"டாக்டர், இது காலையில நீங்க இல்லாதப்போ ஒரு நர்ஸக்கா தூக்கிட்டு வந்த குட்டியாச்சே? 'எங்க தம்பிக்கு அழுக்குன்னா ஆகாது, கொல்லையில ஒளிச்சு வெச்சுப் பக்குவமா சொல்லிக்கறேன்'னு, நம்மகிட்ட குளிப்பாட்டி வாங்கிட்டுப் போனாங்களே."